தொரை கண்ணுக்குக் கீழ ஒரு பேரு

தொரைக்கு மூஞ்சி ஒண்ணுதான். அதுக்குள்ள ஆயிரத்துச் சொச்சம் பேரு. கோடுன்னு ஒண்ணு கெடையாது பாத்துக்கிடுங்க. மூக்கு, மீச, தாடக்கட்ட, தொப்பி, கோட்டுப் பொத்தான், எல்லாமே எழுத்து. எறும்பு சாரி போறாப்புல பொடிப்பொடியா எழுத்து. எட்ட நின்னு பாத்தா தொரை மொறைச்சுக்கிட்டு நிப்பாரு. கிட்டப் போயிப் பாத்தா மாடத்தி, கருப்பன், சீனியம்மா, ஒச்சம்மான்னு அம்புட்டும் நம்ம சனத்துப் பேரு.

இது நடந்தது வெள்ளம் வந்து மூணு வருசம் கழிச்சு. வெள்ளம்னா மலையாளக் கணக்குக்குத் தொண்ணூத்தொம்பதாம் வருசம், இங்கிலீசுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவத்துநாலு, அந்த வெள்ளம்தான், மலையில வேற எதையும் வெள்ளம்னே சொல்ல மாட்டாங்க. போடிமெட்டுக்கு மேக்க மஞ்சக்காடுன்னு ஒரு எஸ்டேட்டு. மாட்டுப்பட்டி தாண்டி அதே கம்பெனிக்கு இன்னொரு எஸ்டேட்டு. ரெண்டுக்கும் பெரிய தொரை ஒருத்தருதான். அவரு சீமைக்குப் போறாரு, கப்பலேறுனா இனி திரும்ப மாட்டாருன்னு ஆனதும் கங்காணி பெரியமுத்துவுக்கு ஒரே ரோசன. சனம் குடியிருந்த லயத்து வீடெல்லாம் மண்ணோட போனப்ப, ஈரம் சொட்டச் சொட்ட நின்ன சனத்தப் பேக்டரிக்குள்ள படுக்க வச்ச மனுசன். அவருக்கு என்னத்தக் குடுத்து அனுப்புறது? மாலன்னா வாடிப்போகும். வெள்ளித் தட்டுன்னா அவருகிட்ட இல்லாததா? அப்பத்தான் சந்தைக்குப் போன யாரோ வந்து சொன்னாங்க, கோவிந்தாபுரத்துல ஈஸ்வரமூர்த்தின்னு ஒருத்தரு இருக்காரு, எழுத்தாலயே உருவம் பண்றாரு, முருகன் பேரையே பத்தாயிரந்தரம் எழுதி முருகன நிக்க வச்சிட்டாருன்னு.

"அப்ப நம்ம சனத்துப் பேரையெல்லாம் எழுதித் தொரைய நிக்க வையிங்கய்யா"ன்னு பெரியமுத்து ஆளனுப்பிக் கூட்டியாந்துட்டாரு.

ஈஸ்வரமூர்த்தி ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, காதுல ஒரு எறகுப் பேனா சொருகிக்கிட்டு வந்து சேந்தாரு. பேச்சு பூரா கொங்குப் பேச்சு. வாய்க்கு வாயி 'ஏனுங்க'தான். லயத்துப் புள்ளைக அவரு பின்னாலயே 'ஏனுங்க ஏனுங்க'ன்னு ஓடும். அவரு கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா தொழில்ல ஒரு பிடிவாதம் உண்டு. ஆபீசு ஏட்டப் பாத்துப் பேரு எழுத மாட்டாரு.

"ஏட்டுல இருக்கறது பேருதானுங்க, ஆளு இல்லீங்க. ஆளு எம்முன்னால வந்து நின்னு சொல்லோணும். மூஞ்சியப் பாத்தாத்தான் அந்தப் பேர எங்க வெக்கறதுன்னு எங்கைக்குத் தெரியும்"னுட்டாரு.

அப்புறம் என்ன, மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு வாரம், மஞ்சக்காட்டுல ஒரு வாரம், ஆபீசுக்கு முன்னால பலகையப் போட்டு உக்காந்து பேரு வாங்குனாரு. ஆம்பளைங்க வந்தா வெரசா முடிஞ்சிரும். வேலக்காட்டுல இருக்குற ஆம்பளைக்கிப் பொண்டாட்டி வந்து சொல்லணும்னு ஆனப்பத்தான் கூத்து. புருசன் பேர வாயால சொல்ற வழக்கம் ஏது?

"பழனியில நிப்பாருல்ல, கையில கம்பு வச்சிக்கிட்டு…"

"தண்டபாணிங்களா?"

"அய்ய, அந்தச் சாமி இல்ல. அந்த ஊரு."

"பழனீங்களா?"

அவ மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடியே போயிருவா. சிரிக்காதீங்க. அந்தச் சனத்துல அது சிரிப்பான காரியமில்ல. பொம்பள புருசன் பேர வாய்விட்டுச் சொல்லிக் கூப்புட்டுட்டான்னா அன்னியோட அத்துப்போச்சுன்னு அர்த்தம். பஞ்சாயத்துல அதுக்கு மேல விசாரிக்கவே மாட்டாங்க. அதனால கழுத்தப் பிடிச்சு நெரிச்சாலும் சொல்ல மாட்டாளுக.

அந்த வரிசையில அழகுத்தாயும் நின்னா. இருவத்தாறு வயசு. கொழுந்து கிள்ளுறதுல அவ வெரலுக்கு ஈடு மஞ்சக்காட்டுல ஆளில்ல. பலக கிட்ட வந்ததும் ஈஸ்வரமூர்த்தி நிமுந்து பாத்தாரு. "பேரு சொல்லுங்கம்மிணி. ஊட்டுக்காரரு பேரும் சொல்லுங்க, பக்கத்துல பக்கத்துல எழுதிப்போடறேன்."

அவ என்னன்னு சொல்லுவா? கழுத்துல தாலி கெடக்கு. இன்னும் ரெண்டு மூணு வாரத்துல அத அறுக்கப் போறாங்க. இருக்குறவன் பொண்டாட்டியா, செத்தவன் பொண்டாட்டியான்னு அவளுக்கே தெரியல. "தலைய வலிக்குது"ன்னு சொல்லிட்டு வரிசைய விட்டு வெலகிப் போயிட்டா. அதனால அந்த ஆயிரத்துச் சொச்சத்துல அவ பேரு இல்ல.

கத இதுதான். அவ புருசன் சுருளிவேலு, வெள்ளத்தன்னிக்கு அரிசி மூட்ட ஏத்தியாறேன்னு மட்டக் குதிரைகளோட மூணாத்துக்குப் போனான். பேஞ்ச மழையில மலையே எறங்கி வந்துச்சு. குதிரைக ரெண்டு செத்து ஒதுங்குச்சு. அவன் ஒடம்பு கெடைக்கல. போயிட்டான்னு ஊரு சொல்லுச்சு. "ஒடம்பக் காட்டுங்க, தாலிய அறுக்குறேன்"னு அழகுத்தாயி சொன்னா. மூணு வருசம் அப்பிடியே நின்னா. சனிக்கெழமைக்குச் சனிக்கெழம அவன் ஆயுசுக்குன்னு ஒரு பொழுது வெரதம் இருந்தா.

கடேசியில கங்காணிதான் உக்கார வச்சுப் பேசுனாரு. "இந்தா பாரு தாயி, மூணு வருசங்கிறது பஞ்சாயத்துக் கெடு. நம்ம சனத்துல அறுத்து மறுதாலி கட்டுறது உண்டு. சோலை இருக்கான். அவன் பொண்டாட்டியும் அதே வெள்ளத்துல போனவதான். நல்லவன்."

சோலை நல்லவன்தான். மாட்டு வண்டிக்காரன். தேயிலப் பெட்டிய மூணாத்துக்கு ஏத்திட்டுப் போயி எறக்கிட்டு வருவான். பேச்சுத்தான் கெடையாது. "அவன் காளைகளே அவன் கொரலக் கேட்டு வருசக்கணக்காச்சு"ன்னு பக்கத்து வீட்டு ராமுத்தாயி கேலி பண்ணுவா. ராமுத்தாயிக்கு அவன் பங்கையும் சேத்து வாயி. அழகுத்தாயி ஒரு வாரம் ரோசிச்சுச் சரின்னுட்டா. வெள்ளிக்கெழம காலையில தாலிய அறுத்து, அன்னிக்கே சோலை கட்டுறதுன்னு ஏற்பாடு.

அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம படத்தத் தொறந்து வச்சாங்க. ஆபீசு வாசல்ல, ஒரு ஆளு ஒசரத்துக்கு. மேல மூடியிருந்த வேட்டிய விலக்குனதும் சனம் "ஆத்தாடி!"ன்னு ஒரே சத்தம். தொரை மூஞ்சியேதான். அந்த ஒத்தப் புருவத் தூக்கல் கூட.

ஈஸ்வரமூர்த்தி கையில ஒரு குச்சி வச்சிக்கிட்டு ஒவ்வொருத்தருக்கும் எடம் காட்டுறாரு. "நீங்க மீசைலீங்க. நீங்க நெத்தீங்க. கங்காணி அய்யா தொப்பீல இருக்கறாருங்க."

ராமுத்தாயி இடிச்சுக்கிட்டு முன்னால வந்தா. "எம் பேரு எங்கய்யா?"

குச்சி மெல்ல எறங்கி மூக்குக்கு அடியில நின்னுச்சு.

"மூக்கு ஓட்டையிலயா? ஏய்யா, ஒம் பேச்சையெல்லாம் பொறுத்துக்கிட்டு மூணு தரம் பேரச் சொன்னேனே, என்னயக் கொண்டுபோயி தொரை மூக்கு ஓட்டையிலயா வப்ப? கப்பல்ல போறப்ப அந்தாளு தும்முனா என் கதி என்ன?"

"அந்த எடத்துக்குக் கறுப்பு சாஸ்தி வேணுமுங்க. உங்க பேரு நல்லா நெறஞ்ச பேருங்க…"

சனம் உருண்டு பொரண்டு சிரிக்குது. அழகுத்தாயியும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே தலைய நிமித்தினவளுக்குத் தொரையோட எடது கண்ணு நேரா வந்துச்சு. கண்ணுக்குக் கீழ, எமைக்குச் சரியா அடியில, ஒரு பேரு.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனா ஒரே ஒரு பேரு தெரியும். ஏன்னா அது அவ கையில இருந்துச்சு. கல்யாணமான புதுசுல வீரபாண்டித் திருவிழாவுல சுருளிவேலு தாம் பேர அவ எடது கையில பச்ச குத்த வச்சான். திருவிழாவுல எழுதிக் குடுக்குற ஆளு ஒருத்தரு காயிதத்துல எழுதிக் குடுக்க, அதுக்கடியில சுருளிவேலே ஒரு வேலு வரைஞ்சான். கைப்பழக்கம் இல்லாதவன் வரைஞ்சது. வேலோட எல ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சூம்பிப் போயிக் கெடக்கும். "இப்பிடியே குத்து ஆத்தா"ன்னு பச்ச குத்துறவகிட்ட காயிதத்த நீட்டுனான். குத்தி முடிஞ்சதும் காயிதத்த மடிச்சு வெத்தலப் பையில வச்சுக்கிட்டான்.

அதே பேரு. அதே வரிச. அடியில அதே வேலு. ஒரு எல பெருசு, ஒரு எல சூம்பல்.

குளுருக்காகப் போட்டிருந்த முழுக்கைச் சட்டையச் சரசரன்னு மேல ஏத்துனா. கையக் கொண்டுபோயி படத்து மேல, தொரை கண்ணுக்குப் பக்கத்துல வச்சா. சிரிச்சுக்கிட்டிருந்த சனம் ஒண்ணொண்ணா வாய மூடுச்சு. பாத்த எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு.

"இருக்காரு"ன்னா. தண்ணிக்குள்ள இருந்து வர்றாப்புல இருந்துச்சு அவ கொரலு. "வந்து பேரு குடுத்திருக்காரு. உசுரோட இருக்காரு."

பெரியமுத்து பாஞ்சு வந்தாரு. "யோவ், இந்தப் பேரு ஒமக்கு யாரு சொன்னா?"

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, மறுபடி போட்டாரு. அழகுத்தாயி கையப் பாத்தாரு, படத்தப் பாத்தாரு. "அட சாமி… இதே பச்சய நான் வேற ஒரு அம்மிணி கையில பாத்தேனுங்களே!"

"என்னய்யா சொல்றீரு?"

"ஆம்பள யாரும் வந்து சொல்லலீங்க. மாட்டுப்பட்டில ஒரு அம்மிணி வந்துதுங்க. பேரு குருவம்மாளுங்க. ஊட்டுக்காரரு பேரக் கேட்டா, பக்கத்துல நின்னவங்க 'அழகுமலை'ன்னாங்க. அதுக்கு அந்தம்மிணி, 'அது ஏட்டுப் பேரு, அவருக்கு நெசப் பேரு வேற, தொரை மூஞ்சியில நெசப் பேருதான் இருக்கோணும்'னுதுங்க. வாயால சொல்ல மாட்டேனுட்டுதுங்க. கையக் காட்டுச்சுங்க. பச்ச குத்தியிருந்துதுங்க, பேரும் வேலும். அப்படியே பாத்து எழுதிப்போட்டேனுங்க. அழகா இருந்துதேன்னு கண்ணுக்கடியில வெச்சனுங்க."

"ஆளு எங்கன்னு கேட்டீரா?"

"கேட்டனுங்க. வேலக்காட்டுல இருக்கறாரு, மத்தியானம் கஞ்சிக்கு வருவாருன்னுதுங்க."

மத்தியானம் கஞ்சிக்கு வருவாரு. அழகுத்தாயி காதுல அது மட்டுந்தான் விழுந்துச்சு. மூணு வருசமா ஆத்துல கெடக்குறான்னு நெனச்ச மனுசன், மத்தியானம் கஞ்சிக்கு வருவாரு. ராமுத்தாயி தோளப் பிடிச்சு உக்கார வச்சா. அந்த ராமுத்தாயிக்கே பேச்சு வரலன்னா பாத்துக்கிடுங்க.

கங்காணி சொன்னாரு, வேற ஆளா இருக்கும், ஒரே பேரு ரெண்டு பேருக்கு இருக்காதா, நான் ஆளனுப்பி விசாரிக்கேன்னு. அழகுத்தாயி தலைய ஆட்டிட்டா. "பேரு ரெண்டு பேருக்கு இருக்கும். அந்த வேலு ரெண்டு பேருக்கு இருக்காது மாமா. நானே போறேன்."

அப்பத்தான் பின்னால நின்ன சோலை வாயத் தொறந்தான். "விடியக்காலம் வண்டி மூணாத்துக்குப் போகுது. அங்கருந்து மாட்டுப்பட்டிக்கு நான் ஓட்டுறேன்."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வெள்ளிக்கெழம தாலி கட்டப் போறவன், அவ புருசனத் தேட வண்டி கட்டுறேங்குறான்! அவன் யாரையும் பாக்கல. அழகுத்தாயிகிட்ட மட்டும், "இருந்தா கூட்டியா. வண்டியில எடம் இருக்கு"ன்னான். சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டான்.

தொணைக்கு ராமுத்தாயி வந்தா. திங்கக்கெழம விடியப் பொறப்பட்டு, மூணாத்துல பெட்டிய எறக்கிப்போட்டு, அங்கயே தங்கிட்டு, செவ்வாக்கெழம உச்சிக்கு முந்தி மாட்டுப்பட்டி லயத்துக்கு வந்து சேந்தாங்க. வழி பூரா அழகுத்தாயிக்கு மனசுல ஒரே கணக்கு. தலையில அடிபட்டு எல்லாம் மறந்துபோயிருக்குமோ? காலு கையி போயிருக்குமோ? அந்தப் பொம்பள பிடிச்சு வச்சிருக்காளோ? அவனுக்காக எத்தன சாக்குக் கண்டுபிடிச்சான்னு கணக்கில்ல. நெனவு தப்பிக் கெடந்தான்னா மன்னிச்சிருவேன், கூட்டிட்டு வந்துருவேன்னு தீர்மானம் பண்ணிக்கிட்டா. சோலைக்கி என்ன பதிலு சொல்றதுன்னுதான் தெரியல. அவன் முதுகையே பாத்துக்கிட்டு வந்தா.

சோலை வண்டிய மரத்தடியில நிப்பாட்டிட்டான். பொம்பளைங்க ரெண்டு பேரும் எறங்கி நடந்தாங்க.

லயத்துக் கோடியில தண்ணிக் கொழாய்ல ஒரு சின்னப் பொண்ணு குடம் வச்சிருந்தா. இருவது வயசுதான் இருக்கும். கையத் தூக்கித் தலைமுடிய ஒதுக்குனப்ப எடது கையில பச்ச தெரிஞ்சுச்சு. அழகுத்தாயி போயி அவ முன்னால நின்னா. என்ன பேசுவா? 'இன்னாரு பொண்டாட்டியா நீ'ன்னு கேக்குறதுக்குப் பேரச் சொல்லணுமே. தன்னோட சட்டக் கைய ஏத்தி, அவ கைக்குப் பக்கத்துல தன் கைய நீட்டுனா.

குருவம்மா குனிஞ்சு பாத்தா. ஒரு கையில ஒரு வேலு. இன்னொரு கையில இன்னொரு வேலு. ரெண்டுலயும் ஒரே சூம்பல். குடம் நெறஞ்சு வழியுது, ரெண்டு பேரும் நகரல.

"இது… எங்க வீட்டுக்காரரு பேரு"ன்னா குருவம்மா.

"எங்க வீட்டுக்காரரு பேருந்தான்."

அந்தப் பொண்ணு நிமுந்து அழகுத்தாயி மூஞ்சியப் பாத்தா. பாத்தவ மூஞ்சி அப்பிடியே வெளுத்துப் போச்சு. ரெண்டு எட்டு பின்னால போனா. கையெடுத்துக் கும்பிட்டா. பேயக் கண்ட மாதிரிதான், வேற எப்பிடிச் சொல்ல?

"அக்கா… அழகுத்தாயக்காவா?"

"எம் பேரு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்க… வெள்ளத்துல… அவரு சொன்னாரே…" கன்னத்துல போட்டுக்கிட்டா அவ. "ஒங்களத்தானக்கா நான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்!"

அழகுத்தாயிக்குப் புரியல. குருவம்மா அவ கையப் பிடிச்சு வீட்டுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போனா. ஒத்த ரூமு. அடுப்புக்கு எதுக்க மூலையில ஒரு பலக. பலக மேல புதுப் பான. பானையில மடிப்புக் கலையாம ஒரு சேல, அரக்குக் கலரு, பச்சக் கரை. அது மேல நாலு கண்ணாடி வளையலு, மஞ்சக் கெழங்கு, குங்குமச் சிமிழு. முன்னால வெளக்கு எரிஞ்ச கரி.

சுமங்கலியாச் செத்துப்போன மூத்த பொண்டாட்டிக்கு எளையவ சேல வச்சுக் கும்பிடுற வழக்கம் அந்தச் சனம் பூராவுக்கும் உண்டு. அழகுத்தாயி எத்தனையோ வீட்டுல பாத்திருக்கா. தானும் வெரதம் முடிச்சுக் கும்பிட்டிருக்கா. தன்னையே ஒரு பானைக்குள்ள மடிச்சு வச்சிருக்குறத இன்னிக்குத்தான் பாக்குறா.

"அமாவாசைக்கு அமாவாச ஒங்களுக்குச் சோறு படைக்காம நாங்க சாப்புட மாட்டோம்க்கா. 'மூத்தவ மகராசி, அவ கண்ணு நம்ம மேல இருக்கணும்'னு அவருதான் சொல்லுவாரு. போன அமாவாசைக்கு ஒங்களுக்குப் பிடிக்கும்னு கருவாட்டுக் கொழம்பு வச்சேன்…"

"அடிப்பாவி மகளே! அவளுக்குக் கருவாடு ஆகவே ஆகாதே! அவனுக்குத்தான் பிடிக்கும்!"ன்னு ராமுத்தாயி அலறிட்டா.

அழகுத்தாயி அந்தச் சேலையவே பாத்துக்கிட்டு நின்னா. சனிக்கெழம சனிக்கெழம நான் இங்க பட்டினி கெடந்தேன், அவன் ஆயுசுக்கு. அமாவாசைக்கு அமாவாச அவன் கருவாட்டுக் கொழம்பு தின்னான், எஞ்சாவுக்கு. அழுக வருமோன்னு பாத்தா, வரல. நெஞ்சு காஞ்ச கட்டையா நிக்குது.

வாசல்ல நெழலு விழுந்துச்சு. மத்தியானக் கஞ்சிக்கு ஆளு வந்தாச்சு.

கையி காலு எல்லாம் சரியா இருக்கு. கொஞ்சம் சத போட்டிருக்கான். தோள்ல கம்பளி, வாயில வெத்தல. "குருவு, பசிக்குது…"ன்னு சொல்லிக்கிட்டே குனிஞ்சு உள்ள நொழைஞ்சவன், அழகுத்தாயியப் பாத்தான். பாத்த எடத்துலயே பாதி குனிஞ்சபடியே நின்னுட்டான். வாயோரமா வெத்தலச் சாறு வழிஞ்சு சட்டையில எறங்குது. தொடைக்கக்கூடத் தோணல.

"என்னய அடையாளம் தெரியுதா?"ன்னு கேட்டா அழகுத்தாயி. மறந்துபோயிருக்கும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டு வந்தவளுக்கு அதக் கேக்காம முடியல.

"அழகு…"ன்னான்.

தெரியுது. நல்லாவே தெரியுது.

"வெள்ளம் என்னய இந்தப் பக்கம் ஒதுக்கிருச்சு அழகு. மஞ்சக்காட்டு லயம் பூரா மண்ணுக்குள்ள போயிருச்சு, ஒரு உசுரு தப்பலன்னு வழியில போற வார ஆளுக சொன்னாங்க. நீ போயிட்டன்னு… வந்து பாக்க எனக்குத் தைரியம் இல்ல…"

"ரெண்டு நாளுப் பயணம். மூணு வருசத்துல தைரியம் வரலயா?"

"ஒன்னய அப்பிடிப் பாக்க மனசு வரல. அதான் சேல வச்சுக் கும்பிட்டு…"

ஒரு நிமிசம் அழகுத்தாயிக்கு மனசு அசைஞ்சுச்சு. நெசமாவே அப்பிடி நெனச்சிருப்பானோ? பயந்த பயலாத்தான் இருந்தான் எப்பவும். வண்டியில எடம் இருக்கு. அப்பத்தான் ஈஸ்வரமூர்த்தி சொன்னது ஞாவகம் வந்துச்சு, ஏட்டுப் பேரு வேறன்னு.

"சரி. நான் செத்தேன்னே நெனச்ச. நான் செத்ததுக்கு ஒம் பேர எதுக்கு மாத்துன?"

அவன் வாயத் தொறந்தான். மூடுனான். குருவம்மாவப் பாத்தான். ராமுத்தாயியப் பாத்தான். கடேசில தரையப் பாத்தான்.

அவ்வளவுதான். அதுதான் பதிலு. செத்துப்போன பொண்டாட்டிக்கு ஒளியுறவன் எவன்? உசுரோட இருக்கா, தேடி வருவான்னு தெரிஞ்சவன்தான் பேர மாத்திக்கிட்டு ஒளிவான்.

அழகுத்தாயிக்குக் கல்யாணமாகி ஏழு வருசம். அதுல ஒரு நாளு, ஒரு பொழுது, தூக்கத்துலகூட அவ நாக்குல ஏறாத பேரு அது.

"சுருளிவேலு!"

லயம் பூரா கேட்டுச்சு. அக்கம்பக்கத்து வீட்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தவங்க கைய ஒதறிக்கிட்டு எந்திரிச்சு ஓடியாந்தாங்க. ராமுத்தாயி ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா. அவனுக்கு அறைஞ்ச மாதிரி தல பின்னால போச்சு.

"சுருளிவேலு, நல்லாக் கேட்டுக்க. சுருளிவேலுங்குற பேருள்ள ஆளுக்கும் எனக்கும் இன்னியோட ஒண்ணும் இல்ல."

கழுத்துல இருந்த கயித்தப் பிடிச்சு ஒரே இழுப்பு. நைஞ்சுபோன கயிறு, உடனே வந்துருச்சு. பானையில இருந்து சேலைய எடுத்தா. அந்த எடத்துல தாலியப் போட்டா.

"தங்கச்சி, கும்பிடணும்னா இனி இதக் கும்பிடு. செத்தது இதுதான். சேல எனக்குன்னு வச்சதுதான? நான் எடுத்துக்கிறேன். வெள்ளிக்கெழம எனக்கு ஒரு சேல வேணும்."

குருவம்மா செவுத்தோட ஒட்டி நின்னுக்கிட்டிருந்தா. அவ மேல என்ன தப்பு? நெசப் பேருதான் தொரை மூஞ்சியில இருக்கணும்னு ஆசப்பட்டது ஒரு தப்பா? அழகுத்தாயி அவ தலையத் தொட்டுட்டு வெளிய வந்தா. பத்தடி நடந்திருக்க மாட்டா. உள்ள இருந்து ஒரு கொரலு, நடுங்கிக்கிட்டு, ஆனா கணீர்னு:

"சுருளிவேலு! சட்டியத் தொடாத. வெளிய போ."

கூடி நின்ன சனம் "அய்யோ"ன்னு ஒரே சத்தம். ஒரே மத்தியானத்துல ரெண்டு பொண்டாட்டி வாயில பேரு வாங்குன ஆம்பளைய அந்த மலை அதுக்கு முன்னால பாத்ததில்ல.

வண்டிகிட்ட வந்தப்ப சோலை நொகத்தடியப் பிடிச்சுக்கிட்டு நின்னான். வெறுங்கழுத்தப் பாத்தான். சேலையப் பாத்தான்.

"ஆளு?"

"இருக்கு."

"கூட்டியாரல?"

"வண்டியில எடம் இல்ல"ன்னா அழகுத்தாயி. ஏறி உக்காந்தா. உக்காந்ததுக்கு அப்புறந்தான் ஒடம்பு ஆடத் தொடங்குச்சு. மூணாறு வர்ற வரைக்கும் ஆட்டம் நிக்கல. ராமுத்தாயி கட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்தா. சோலை தன்னோட கம்பளிய எடுத்துப் பின்னால போட்டான், திரும்பிப் பாக்காம.

மலையேற நேரமாயிப்போச்சு. வியாழக்கெழம மஞ்சக்காடு வந்தப்ப படத்தப் பெட்டிக்குள்ள வைக்கத் தச்சன் ஆணியோட நிக்கான். ஈஸ்வரமூர்த்தி அழகுத்தாயியக் கண்டதும் எந்திரிச்சு நின்னாரு. நாலு நாளா அவருக்குச் சோறு எறங்கலயாம். "ஏனுங்கம்மிணி, அந்தப் பேரச் சொரண்டி எடுத்துப் போடட்டுங்களா? கண்ணு கொஞ்சம் கெட்டுப் போகும், பரவால்லீங்க."

"எதுக்கு? கெடக்கட்டும். ஒளிஞ்சு கெடந்த பேரு கப்பலேறிப் போயி சீமையில நாலு பேரு பாக்கத் தொங்கட்டும்." அப்புறம் படத்தக் கொஞ்ச நேரம் பாத்தா. "எம் பேரு அதுல இல்ல. எழுத எடம் இருக்கா?"

"கோட்டுல மேல் பொத்தான் இன்னும் முடிக்கலீங்க. உங்களுக்குன்னே இருக்கறாப்பலதானுங்க." எறகுப் பேனாவ மையில தொட்டாரு. தொட்டுட்டுத் தயங்குனாரு. பக்கத்துல வண்டியவிட்டு எறங்காம சோலை உக்காந்திருந்தான். "பக்கத்துல… ஊட்டுக்காரரு பேரு என்னன்னு எழுதட்டுங்க?"

"அழகுத்தாயின்னு எழுதுங்க. அவ்வளவுதான்."

சோலை தலைய ஆட்டுனான், அது சரிதாங்குற மாதிரி.

ஈஸ்வரமூர்த்தி குனிஞ்சு எழுத ஆரம்பிச்சாரு. அவ சட்டக் கைய ஏத்தி விட்டுக்கிட்டு, பேனா போற வழியவே பாத்துக்கிட்டு நின்னா. வெள்ளிக்கெழம முடிஞ்சு பச்ச குத்துறவகிட்டப் போயி, கையில இருக்குற பேரு மேல புள்ளி வச்சு ஒரு தேளு போட்டுறணும். அடியில இருக்குற வேலு இருந்துட்டுப் போகட்டும். வேலு முருகனோடது, அவனோடது இல்ல.

ராமுத்தாயி எக்கிப் பாத்தா. "பொத்தான்ல எடம் மிச்சமிருந்தா என்னயும் மூக்குல இருந்து எறக்கி அங்க வையும்யா!"